எழுத்தை எளிதாக்கிய ஈரோட்டுப் பெரியவர்

இரண்டாம் ஆண்டு மாணவி, கணிப்பொறித் துறை



தந்தை பெரியாரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், பள்ளிக்கூடத்திலேயே பத்துக் கட்டுரை எழுதியாச்சே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. வைக்கம், சுயமரியாதை, வெண்தாடி, கைத்தடி எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் நம்ம லேபில் உட்கார்ந்து தமிழில் 'லை' என்று அடித்தால் திரையில் ஒரு வடிவம் வருகிறதே, அந்த வடிவத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நான் டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய வாழ்க்கையைச் சொல்லிப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

பள்ளி கொஞ்சம், மண்டி நிறைய

ஈ.வெ. இராமசாமி அவர்கள் 1879-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். அப்பா வெங்கட்ட நாயக்கர், அம்மா சின்னத்தாயம்மாள். வசதியான வணிகக் குடும்பம். ஆனால் அந்த வசதி பரம்பரையாக வந்ததில்லை. அப்பா ஏழ்மையிலிருந்து உழைத்து மேலே வந்தவர்.

பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தது சில ஆண்டுகள்தான். திண்ணைப் பள்ளி, பிறகு நகராட்சிப் பள்ளி, அவ்வளவுதான். பன்னிரண்டு வயது வாக்கில் படிப்பு நின்றுபோய், அப்பாவின் மண்டிக்கு வந்துவிட்டார். மூட்டைக்கு விலாசம் போடுவது, சரக்கு ஏலம், கணக்கு என்று அங்கேதான் அவர் உலகத்தைப் படித்தார். பெரிய பெரிய பண்டிதர்களோடு பிற்காலத்தில் வாதாடிய மனிதர் நம்மில் பலருடைய அப்பாவைவிடக் குறைவாகத்தான் பள்ளிக்குப் போயிருக்கிறார்! அதனால்தானோ என்னவோ, எழுதப் படிக்கக் கஷ்டப்படுகிறவன் பக்கம் நின்று யோசிக்க அவரால் முடிந்தது.

பிறகு பொது வாழ்வு. ஈரோடு நகர்மன்றத் தலைவராக இருந்தார். 1919-ல் காங்கிரசில் சேர்ந்து கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றார். 1924-ல் திருவிதாங்கூர் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒரு பகுதி மக்கள் நடக்கவே கூடாது என்ற கொடுமையை எதிர்த்துப் போராடிச் சிறை சென்றார். 1925-ல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாததால் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1929-ல் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டாங்க. 1944-ல் சேலத்தில் திராவிடர் கழகம் பிறந்தது. இவையெல்லாம் வரலாற்றுப் புத்தகத்தில் உள்ளவை. நான் வேகமாகத் தாண்டிப் போகிறேன்.

நம்ம கடலூரில் 1944-ல் நடந்ததை மட்டும் சொல்லாமல் போக முடியாது. கூட்டம் முடிந்து ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பெரியார் மீது இருட்டில் ஒருவர் செருப்பை வீசினார். பெரியார் கோபப்படவில்லை. ஒற்றைச் செருப்பால் வீசியவருக்கும் பயன் இல்லை, தனக்கும் பயன் இல்லை என்று வண்டியைத் திருப்பி மற்றொன்றையும் எடுத்துக்கொண்டு போனதாக நம் மாவட்டத்தில் இன்றும் சொல்வார்கள். பிற்காலத்தில் அந்த இடத்திலேயே அவருக்குச் சிலை வைத்தார்கள். எதிர்ப்பைக் கண்டு வேலையை நிறுத்தாத அந்தக் குணம்தான் எழுத்து விஷயத்திலும் அவருக்குக் கை கொடுத்தது.

அச்சுக்கூடத்தில் பிறந்த கேள்வி

1925 மே 2-ஆம் நாள் 'குடிஅரசு' வார இதழை ஈரோட்டில் தொடங்கினார். பத்திரிகை நடத்துகிறவனுக்குத்தான் எழுத்தின் எடை தெரியும். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் ஈயத்தில் வார்த்த அச்சு. மரப்பெட்டியில் அறை அறையாகப் பிரித்து எழுத்துகளைப் போட்டு வைத்திருப்பார்கள். அச்சுக் கோர்ப்பவர் நின்றபடியே ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். அறை கூடினால் கை போகும் தூரம் கூடும், ஈயம் கூடும், நேரம் கூடும், செலவும் கூடும். ஆங்கிலத்துக்குச் சிறிய பெட்டி போதும். தமிழுக்குப் பெட்டி பெரிது.

தமிழில் 247 எழுத்து. ஆனால் 247-க்கும் தனித்தனி வடிவம் கிடையாது. கா, சா, தா என்று எழுத 'ா' என்ற ஒரே கால் போதும். கை, சை, தை எழுத 'ை' என்ற ஒரே குறி போதும். ஒரு முறை கற்றுக்கொண்டால் எல்லா இடத்திலும் அதே விதி. ஆனால் அந்தக் காலத்தில் சில எழுத்துகள் மட்டும் இந்த விதிக்கு அடங்காமல் நின்றன. ணா, றா, னா மூன்றுக்கும் கால் போடாமல் எழுத்தின் முடிவையே கீழே சுழித்து எழுதினார்கள். அதனால் ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆறிலும் அதே சுழி வந்தது. ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் 'ை' போடாமல், எழுத்தின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போட்டார்கள். பழைய புத்தகங்களிலும் பழைய கடைப் பலகைகளிலும் அந்தத் தும்பிக்கையை இன்றும் பார்க்கலாம்.

கூட்டிப் பாருங்கள், பதின்மூன்று எழுத்து. படிக்க வருகிறவன் இந்தப் பதின்மூன்றையும் தனியாக மனப்பாடம் செய்யணும். அச்சுக்கூடக்காரர் தனி அச்சு வார்க்கணும். எதற்காக? ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. 'கை'யில் உள்ள ஐகாரமும் 'லை'யில் உள்ள ஐகாரமும் ஒன்றுதானே?

இந்தக் கேள்வியைப் பெரியாருக்கு முன்பும் சிலர் கேட்டதுண்டு. ஆனால் கேட்டதோடு நிற்காமல் செய்து காட்டியவர் அவர். 1935-ல் தன்னுடைய குடிஅரசு இதழிலேயே இந்தப் பதின்மூன்று எழுத்துகளையும் பொது விதிக்குள் கொண்டுவந்து அச்சடிக்க ஆரம்பித்தார். அரசாங்கத்திடம் மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை. மாநாடு கூட்டிப் புலவர்களின் அனுமதி வாங்கவும் இல்லை. தன் கையில் இருந்த அச்சில் தொடங்கினார். பிறகு 'விடுதலை' நாளிதழிலும் அதே எழுத்துதான்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? தமிழைச் சிதைக்கிறார், புனிதமான எழுத்தில் கை வைக்கிறார் என்று பேசினார்கள். ஆனால் எழுத்து காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது. ஓலைச்சுவடிக் காலத்தில், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். 'எ' என்பதற்கும் 'ஏ' என்பதற்கும் இன்றுள்ள வேறுபாட்டை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏற்படுத்தினார். ஓலை போய்க் காகிதம் வந்தபோதும், காகிதத்தில் அச்சு வந்தபோதும் எழுத்து தன்னை மாற்றிக்கொண்டது. கருவி மாறும்போது எழுத்தும் மாறும் என்பதைத்தான் பெரியார் எடுத்துச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை எழுத்து என்பது மண்வெட்டி போல ஒரு கருவி. கருவி யாருடைய கைக்குப் போகணுமோ, அவருடைய கைக்கு ஏற்றதாக இருக்கணும். அவ்வளவுதான்.

பதின்மூன்றோடு நிறுத்தவும் அவருக்கு மனமில்லை. எழுத்தின் எண்ணிக்கையை இன்னும் குறைக்கலாம் என்று தொடர்ந்து எழுதி வந்தார். ஐ, ஔ இரண்டுக்கும் பதிலாக அய், அவ் என்று எழுதினார். அந்த மாற்றம் நம் பாடப்புத்தகத்துக்கு வரவில்லை. ஐ, ஔ இன்றும் இருக்கின்றன.

1973 டிசம்பர் 24-ஆம் நாள் வேலூர் மருத்துவமனையில் பெரியார் காலமானார். வயது 94. அதுவரைக்கும் பள்ளிப் புத்தகத்தில் தும்பிக்கை லைதான். ஐந்து ஆண்டு கழித்து, அவருடைய நூற்றாண்டு விழாவின்போது, 1978 அக்டோபரில் முதல்வர் எம்.ஜி.ஆர். அவர்களின் அரசு அந்தப் பதின்மூன்று எழுத்து மாற்றத்தை ஏற்று ஆணை போட்டது. 1935-க்கும் 1978-க்கும் இடையில் 43 ஆண்டு! தான் தொடங்கியது ஊருக்கெல்லாம் சட்டமானதை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது

இனி நம் பாடத்துக்கு வருவோம். கம்ப்யூட்டருக்கு 'அ'வும் தெரியாது, 'ஏ'வும் தெரியாது. தெரிந்தது எண் மட்டும்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து வைத்துக்கொள்கிறோம். கீபோர்டில் அடித்தால் எண் உள்ளே போகிறது, திரைக்கு வரும்போது அந்த எண்ணுக்கு உரிய படத்தை ஃபாண்ட் வரைகிறது. எண் வேறு, வடிவம் வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

1963-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்கி முறையில் மொத்தம் 128 எண்கள்தான். ஆங்கில எழுத்து, இலக்கம், கமா, பிளஸ் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. பிறகு எட்டு பிட் முழுவதையும் பயன்படுத்தி 256 ஆக்கினார்கள். முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போக, மீதி 128 இடத்தில் தமிழை அடைக்க வேண்டும். 247 எழுத்து எப்படி அடங்கும்? அச்சுக்கூடத்தில் செய்ததையே செய்தார்கள். கால் ஓர் எண், கொம்பு ஓர் எண், க ஓர் எண் என்று வடிவத் துண்டுகளுக்கு எண் கொடுத்தார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். பழைய சுழியும் தும்பிக்கையும் இருந்திருந்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று இன்னும் ஏழு வடிவத்துக்கு இடம் தேட வேண்டியிருந்திருக்கும். இடமே இல்லாத பெட்டியில் ஏழு பெரிய விஷயம். (பதின்மூன்று எழுத்து என்றாலும் வடிவம் ஏழுதான். பழைய ணொ, ணோ இரண்டும் ணா வடிவத்துக்கு முன்னால் கொம்பு வைத்து எழுதியவை.)

இதற்கும் முன்பு தட்டச்சு மெஷின்காரர்கள் இதே தலைவலியைப் பட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வேலை பார்த்த இரா. முத்தையா அவர்கள்தான் தமிழ்த் தட்டச்சுக் கருவியை உருவாக்கியவர். புள்ளி மாதிரிக் குறிகளை அடிக்கும்போது காகிதம் நகராத விசைகளை வைத்து, ஆங்கில மெஷினின் அளவுக்குள் தமிழை அடக்கிக் காட்டினார். டைப்ரைட்டிங் லோயர் முடித்த தோழியருக்கு அந்த நகரா விசை நன்றாகத் தெரியும்.

எட்டு பிட்டில் இன்னொரு சங்கடம். ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்கு எண் கொடுத்தது. ஒரு ஃபாண்டில் 'ல' இருந்த எண்ணில் இன்னொரு ஃபாண்டில் 'ப' இருக்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டேம், டேப் என்ற குறிமுறைகளையும், நாம் இன்றும் பயன்படுத்தும் தமிழ் 99 விசைப்பலகையையும் கொண்டுவந்தது. ஆனாலும் பழைய ஃபாண்டுகள் அலுவலகங்களை விட்டுப் போகவில்லை.

உலகத்து மொழிகள் எல்லாவற்றுக்கும் மோதல் இல்லாமல் எண் கொடுக்க வந்ததுதான் யூனிகோடு. 1991-ல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. நம் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் வடிவத் துண்டுக்கு எண் இல்லை, எழுத்துக்குத்தான் எண். உயிர் 12, மெய் வரிசைக்கு 18, ஆய்தம் 1, உயிர்க்குறி 11, புள்ளி 1. ஆக 43 எண்ணை வைத்து 247 எழுத்தையும் எழுதிவிடலாம்! 'ல' 2994, 'ை' 3016. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் லை. கையில் வரும் ஐகாரத்துக்கும் அதே 3016-தான். திரையில் குறி முன்னால் நின்றாலும், உள்ளே ஒலி வரிசைப்படி ல முதலில், ை பிறகு. முன்னால் கொண்டுபோய் வைப்பது ஃபாண்டின் வேலை. அந்த வேலை தெரியாத சாப்ட்வேரில்தான் குறி தனியாகப் பிரிந்து, பக்கத்தில் புள்ளி வட்டம் வந்து நிற்கிறது.

பெரியார் 1935-லேயே கம்ப்யூட்டரைக் கண்டுவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். அவர் கண்டது அச்சுக்கூடத்தையும் தட்டச்சு மெஷினையும்தான். யூனிகோடில் பார்த்தால் தும்பிக்கை லைக்கும் இன்றைய லைக்கும் எண் ஒன்றேதான். பழைய வடிவில் ஃபாண்ட் செய்தால் அதே 2994, 3016 தும்பிக்கையோடு வரும். ஆக அவருடைய சீர்திருத்தம் யூனிகோடில் ஓர் எண்ணைக்கூட மிச்சப்படுத்தவில்லை. ஆனால் இரண்டும் ஒரே யோசனையில் பிறந்தவை. ஒலி ஒன்றாக இருந்தால் குறியும் ஒன்றாக இருக்கட்டும், விதிவிலக்கு வேண்டாம் என்பதே அந்த யோசனை. சி வகுப்பில் பதின்மூன்று 'இஃப்' எழுதுகிறவனைப் பார்த்து, ஒரு லூப் போட்டால் முடியுமே என்று சார் சொல்வாரே, அந்த மாதிரி.

முடியாத வேலையும் இருக்கிறது. கு, சு, டு, ணு என்று உகரம் இன்றும் எழுத்துக்கு எழுத்து வேறு வேறு வடிவம்தான். யூனிகோடில் உகரத்துக்கு 3009 என்ற ஒரே எண். ஆனால் ஃபாண்ட் செய்கிறவர் உகரம், ஊகாரம் இரண்டுக்கும் சேர்த்து 36 வடிவம் வரைந்தே ஆகணும், முதல் வகுப்புப் பிள்ளையும் 36-ஐக் கற்றே ஆகணும்.

பழைய குறிகளையும் கம்ப்யூட்டர் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கால மண்டிக் கணக்கிலும் பத்திரத்திலும் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று போடுவார்கள். இவை 2003-ல் யூனிகோடில் ஏறின. முந்திரி, மாகாணி போன்ற பின்னங்களும் பிற அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019-ல் ஏறின. அன்றாடம் எழுதுவதற்கு எளிய எழுத்து, பழையதைப் படிப்பதற்கு முழுப் பெட்டகம் என்று இரண்டுமே இப்போது நமக்கு உண்டு.

எங்க ஆயாவுக்குக் கிடைத்தது

எங்க வீட்டில் பள்ளியைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். குறிஞ்சிப்பாடி பக்கம் எங்க ஊர். அம்மாவும் ஆயாவும் முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை. ஆயா பேர் அஞ்சலை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவங்க. 1990-களில் அறிவொளி இயக்க வகுப்பு ஊருக்கு வந்தபோது, முந்திரிப் பால் பட்டுத் தோல் உரிந்த கையோடு ராத்திரியில் போய் உட்கார்ந்து எழுதக் கற்றுக்கொண்டாங்க. கை, மை, பை படித்த கையோடு லை வந்துவிட்டதாம். தன் பேரின் கடைசி எழுத்துக்குத் தனியாக ஒரு தும்பிக்கையைப் பழக வேண்டிய கஷ்டம் அவங்களுக்கு இல்லை. பஸ் போர்டு படிப்பாங்க, கையெழுத்துப் போடுவாங்க.

சில ஆண்டுக்கு முன்னால் முதியோர் உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். பழைய ஃபாண்டில் அடித்து வைத்திருந்த பட்டியலைப் புது மெஷினில் திறந்திருக்கிறார்கள். அந்த ஃபாண்ட் அதில் இல்லை. அந்த எண்களுக்கு உரிய அயல்மொழி எழுத்துகள், தலையில் கோடும் புள்ளியுமாக, வரிசையாக வந்து நின்றன. அதையே பிரிண்ட் எடுத்து, இதுதான் உங்கள் பதிவு, கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். ஆயா காகிதத்தைக் கையில் வாங்கி விரல் வைத்துப் பார்த்துவிட்டு, இது தன் பேர் இல்லை, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாங்க. அதைச் சரி செய்வதற்குள் மூன்று நடை, மூன்று நாள் கூலி போச்சு. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாதவங்களாக இருந்திருந்தால் கைநாட்டு வைத்துவிட்டு வந்திருப்பாங்க. பிறகு அந்தப் பதிவில் உள்ளது யார் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

2949, 2974, 3021, 2970, 2994, 3016. இந்த ஆறு எண்ணும் சேர்ந்தால் அஞ்சலை. எந்த ஊர் கம்ப்யூட்டரில் திறந்தாலும், தமிழ் ஃபாண்ட் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், அஞ்சலைதான்.

தோழர்களே, 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டாச்சு. ஆனாலும் பழைய ஃபாண்டில் அடித்த பட்டியல்கள் எத்தனையோ அலுவலகங்களிலும் சங்கங்களிலும் பள்ளிகளிலும் இன்னும் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது நமக்குத் தெரிந்த வேலைதான். எந்த எண்ணுக்கு எந்த எண் என்று ஓர் அட்டவணை, கொம்பை எடுத்து எழுத்துக்குப் பின்னால் போட ஒரு சிறிய புரோகிராம், கடைசியில் ஒவ்வொரு பேரையும் படித்துச் சரிபார்க்கப் பொறுமை. பெரியார் தன் கையில் இருந்த அச்சில் தொடங்கினார். நம் கையில் லேப் இருக்கிறது. வருகிற கோடை விடுமுறையில் நம் மாணவர் சங்கம் வடலூர், குறிஞ்சிப்பாடி சுற்று வட்டாரத்தில் கேட்பவர்களுக்கு இதை இலவசமாகச் செய்து தரலாம் என்பது என் யோசனை. சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தால் முதல் பேராக என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்.